வளையலின் கனம்

“யாருக்குத் தம்பி?” என்று கேட்டார் வளையல் கடைக்காரர்.

“தங்கச்சிக்கு, அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை வளைகாப்பு.”

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அம்மா எதிரே துணிக்கடைக்குள் நுழைந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வளையல் பொறுப்பு என் தலையில். டவுன் ரத வீதியில் அந்தக் கடை ஒரு கதவு அகலம்தான் இருக்கும். உள்ளே குங்கும வாசனை, அதற்கு அடியில் கண்ணாடி வளையல் பெட்டிகளுக்குள் உடையாமல் இருக்கத் திணித்து வருகிற வைக்கோலின் வாசனை. அவர் பச்சை வளையல் ஒரு டஜனை எடுத்து முன்னால் வைத்தார். நான் அதில் ஒன்றை உருவினேன். மேஜையில் கிடந்த பில் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டேன். வளையலை அதன் மேல் வைத்து, விரலால் அழுத்திக்கொண்டு, உள்ளோரமாகப் பேனாவை ஒரு சுற்று ஓட்டினேன். யோசித்துச் செய்த காரியம் இல்லை. கை அப்படிப் பழகிய கை.

“என்ன தம்பி, கைல போடுத சாமானத் தாள்ல போட்டுப் பாக்குதிய?”

“வட்டமா இருக்கான்னு பாக்குதேன் அண்ணாச்சி.”

“வளையலு வட்டமா இல்லாம பின்ன கட்டமாவா இருக்கும்? எடுக்கதுன்னா எடுங்க. பின்னால ஆளு நிக்கு.”

பின்னால் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நான் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதை அந்த இடத்தில் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள்.

ஆனால் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். வளையலை எடுத்த பிறகு தாளில் இருந்த வட்டத்துக்கு நடுவில் ஒன்றும் இல்லை. கவராயத்தால் போட்ட வட்டம் என்றால் நடுவில் ஊசி குத்திய ஓட்டை இருக்கும். தாளைத் திருப்பித் தடவினால் விரலில் தட்டுப்படும். வளையல் வட்டத்துக்கு அது கிடையாது. அதற்கு மையம் உண்டு, ஆனால் எங்கே என்று அது யாரிடமும் சொல்லாது. இந்தச் சின்ன விஷயத்துக்காகப் பதினோராம் வகுப்பில் நான் ஒரு சண்டை போட்டேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அம்மா பீடி சுற்றுகிறவள். ஏழாம் வகுப்பில் எனக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வந்தது. அதில் இருந்த கவராயம் எங்கள் வீட்டில் கணிதக் கருவியாக இருந்தது மொத்தமே ஒரு வாரம். அடுத்த வாரம் அப்பாவின் குதிகாலில் முள் ஏறியது, அதை எடுக்கப் போனது. பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் அடைப்பைக் குத்தப் போனது. பிறகு அறுந்த செருப்புக்கு ஓட்டை போட. கடைசியில் ஊசி முறிந்து, இரண்டு காலில் ஒரு கால் ஆடிக்கொண்டு, மண்ணெண்ணெய் நாற்றத்தோடு என்னிடம் திரும்பி வந்தபோது அதனால் ஒரு வட்டமும் போட முடியாது. இன்னொன்று வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு அது செய்த உபகாரத்தைப் பார்த்தால் பாவம், ஓய்வு பெற வேண்டியதுதான் என்றிருந்தது.

வட்டத்துக்கு வழி அம்மாவிடம் இருந்தது. பீடி இலை நறுக்க உட்காரும்போது அம்மா கண்ணாடி வளையல்களைக் கழற்றி, கத்தரி மாட்டுகிற ஆணியில் மாட்டிவிடுவாள். இலையின் மேல் அளவுத் தகட்டை வைத்து வெட்டும்போது வளையல் இடித்து உடையும் என்பதால் அப்படி. வேலை முடியும்வரை அவை எனக்குத்தான். பெரிய வட்டத்துக்கு அம்மா வளையல். சின்ன வட்டத்துக்குத் தங்கச்சி வளையல். அதற்கு மட்டும் அவளுக்குக் கடலை மிட்டாய் கொடுக்க வேண்டியிருந்தது. என் நோட்டிலிருந்த எல்லா வட்டங்களும் இந்த இரண்டே அளவில்தான் இருக்கும், ஈரப் பீடி இலை வாசனையோடு.

என் பக்கத்து இருக்கை மீரானுக்கு மேலப்பாளையம். அவனுடைய காக்கா, அதாவது அண்ணன், வளைகுடாவுக்கு விமானம் ஏறுமுன் விட்டுவிட்டுப் போன ஒரு ஜெராக்ஸ் கட்டு அவனிடம் இருந்தது. ஒலிம்பியாட் போட்டிக் கணக்குகள். யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, நாங்களும் யாரையும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு மணியில் ஆளுக்கு ஒரு கணக்காகக் கடித்துக்கொண்டிருப்போம். அதில் ஒரு கணக்கு இது.

ABC என்று ஒரு முக்கோணம். A உச்சி, BC அடி. அடிக்கு இணையாக நடுவில் ஒரு கோடு போடுங்கள். அது AB-யை D-யிலும் AC-யை E-யிலும் வெட்டட்டும். இப்போது A, B, C மூன்றின் வழியாக ஒரு பெரிய வட்டம். A, D, E மூன்றின் வழியாக ஒரு சின்ன வட்டம். சின்னது பெரியதுக்குள் இருக்கும். இரண்டும் A-யில் தொடுகின்றன என்று நிரூபிக்க வேண்டும். தொடுவது என்றால் அங்கே வெட்டிக்கொண்டு போகக் கூடாது, விலகி நிற்கவும் கூடாது.

“இது என்னலே பெரிய கணக்கு? வரைஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது” என்றேன் நான். ஞாயிற்றுக்கிழமை ஆணியிலிருந்து வளையல்களை எடுத்தேன். பெரிய வளையலைத் தாளில் வைத்து, அதற்குள் சின்ன வளையலை ஓரமாக ஒட்டி வைத்தேன். இரண்டும் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆட்டினால் கிணுகிணு என்று சத்தம்கூட வந்தது. இரண்டின் உள்ளோரத்திலும் பென்சிலை ஓட்டிவிட்டு வளையல்களைத் தூக்கினேன்.

வட்டங்கள் தொடவில்லை.

நடுவில் ஒரு கீற்று இடைவெளி. சின்ன வளையலின் கனம் எவ்வளவோ அவ்வளவு. என் கைதான் நடுங்கியது என்று நினைத்து மறுபடி போட்டேன். அதே கீற்று. பெரிய வட்டத்தை முதலில் போட்டு வளையலை எடுத்துவிட்டு, சின்னதைக் கண்ணளவில் நகர்த்தி வைத்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் நகர்த்தினால் வெட்டியது, அந்தப் பக்கம் நகர்த்தினால் விலகியது. நோட்டில் நாலு பக்கம் தீர்ந்தது. மறுநாள் மீரான் அதைப் பார்த்துவிட்டு, “என்னலே, ரெண்டும் கோவிச்சிக்கிட்டு நிக்குதா? சமாதானம் பேச ஆளு அனுப்பணுமோ?” என்றான். அவனிடம் கவராயம் இருந்தது, அவனுக்கென்ன.

ஆனால் அந்த நாலு பக்கத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. வளையல் தொட்டாலும் வட்டம் தொடாது. வட்டத்துக்குக் கனம் கிடையாது. வளையலுக்கு உண்டு, பென்சில் முனைக்கும் உண்டு. கவராயத்தால் போட்டாலும் அந்தக் கோட்டுக்கு ஒரு அகலம் இருக்கத்தான் செய்யும். தொடுவதை எவனாலும் வரைய முடியாது. சொல்லத்தான் முடியும், காரணத்தோடு.

காரணம் பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. வட்டத்துக்குத் தொடுகோடு போடுகிற பாடத்தில் ஒரு தலைப்பு: மையத்தைப் பயன்படுத்தாமல். மையத்தைக் கண்ணால் பார்த்திராத எனக்காகவே யாரோ எழுதி வைத்தது போல் இருந்தது அந்த இரண்டு வார்த்தை. A-யில் பெரிய வட்டத்துக்கு ஒரு தொடுகோடு இருக்கிறது. அந்தக் கோட்டுக்கும் AB-க்கும் நடுவில் இருக்கிற கோணம், C-யில் இருக்கிற கோணத்துக்குச் சமம். அது புத்தகத்துத் தேற்றம். DE-யும் BC-யும் இணை, ஆகவே C-யில் இருக்கிற அதே கோணம் E-யிலும் இருக்கிறது. அப்படியானால் தேற்றத்தின் மறுதலைப்படி, அந்தக் கோடு சின்ன வட்டத்துக்கும் தொடுகோடுதான். ஒரே புள்ளியில் இரண்டு வட்டத்துக்கும் ஒரே தொடுகோடு. முடிந்தது, தொட்டே ஆக வேண்டும். ஏழு வரி. எழுதி முடித்தபோது அம்மா வளையலைக் கேட்டுக் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டு, வளையல் இல்லாத அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோணல் வட்டங்கள் இரண்டு இன்னும் விலகித்தான் நின்றன. நிற்கட்டும் என்றிருந்தது.

அந்த வருஷம் ஒலிம்பியாட் போட்டிக்கு மாவட்ட அளவில் ஒரு பரீட்சை வைத்தார்கள். தேறுகிறவர்களுக்குச் சென்னையில் பத்து நாள் முகாம். பாளையங்கோட்டையில் பரீட்சை. டவுசர் இல்லை, பேண்ட்தான் போட்டிருந்தேன். அதன் பை ஒவ்வொன்றிலும் ஒரு வளையல். “ஒடைச்சிராத எய்யா” என்று சொல்லித்தான் அம்மா கொடுத்தாள். மேஜையில் எடுத்து வைத்ததும் அறைக் கண்காணிப்பாளர் வந்துவிட்டார்.

“இது யாருக்கு?”

“வட்டம் போட, சார்.”

“வளையலப் போட்டுக்கிட்டு வீட்ல இருக்க வேண்டியவனெல்லாம் இங்க எதுக்குப்பா வாரீங்க?”

மொத்த அறையும் சிரித்தது. ஆனாலும் வளையலை நான் உள்ளே வைக்கவில்லை. அவரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. வினாத்தாளைத் திறந்தால், நம்புங்கள், அதே கணக்கு. எழுத்து மட்டும் வேறு.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். இன்றைக்கு என் மாணவன் யாராவது செய்தால் கட்டிப்பிடித்துக்கொள்வேன், தலையிலும் ஒன்று போடுவேன். நிரூபணத்தை எழுதி முடித்த பிறகு படத்தைப் பார்த்தேன். இடைவெளி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பொய்ப் படத்தைக் கொடுக்கிறோமே என்று மனசு கேட்கவில்லை. அதன் அடியில் எழுதினேன்: “படம் தவறு. படத்தில் வட்டங்கள் தொடவில்லை. வளையலின் கனம் காரணம். நிரூபணத்தில் தொடும்.”

பட்டியல் வந்தது. மீரான் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. அந்த ஒரு கணக்குக்கு எனக்குப் பூஜ்யம். அதற்கு மார்க் கிடைத்திருந்தால் நானும் உள்ளே. அப்பா அதற்குள் மார்க்கெட் முழுக்க, மகன் மெட்ராஸ் போறான் என்று சொல்லி முடித்திருந்தார். மீரான்தான் என்னை இழுத்துக்கொண்டு அந்தப் பரீட்சைக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியரைப் பார்க்கப் போனான்.

நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நெற்றியில் திருநீறு, மேஜையில் மை ஊற்றி எழுதுகிற பேனா, யாரிடமும் குரலை உயர்த்தாதவர். உட்காரச் சொன்னார். என் விடைத்தாளை எடுத்து வரச்செய்தார். அந்தக் கணக்கின் மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு, பக்கத்தில், “மையம் எங்கே?”

“திருத்தினவரு கேட்டது நியாயந்தானப்பா. ரெண்டு மையமும் தொடுபுள்ளியும் ஒரே கோட்டுல இருக்குன்னு காட்டணும். நீ மையமே குறிக்கல. போதாததுக்கு நீயே படம் தப்புன்னு எழுதி வச்சிருக்கே.”

“படந்தான் சார் தப்பு. கணக்கு சரி. மையம் தேவையில்ல சார்.”

“தேவையில்லையா?”

“இங்கனயே போட்டுக் காட்டுதேன் சார்.”

மீரான் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். நான் வளையல்களை எடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் தன் பென்சிலையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். பென்சிலால் படம் போட்டேன், அவருடைய பேனாவால் ஏழு வரியையும் எழுதினேன். அவர் வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். ஐந்தாவது வரியில் விரல் நின்றது. திரும்ப மேலே போனது. இறங்கி வந்தது.

“சரியாத்தான இருக்கு” என்றார், தனக்குள் சொல்வது போல.

எனக்குச் சென்னை ரயிலின் சத்தமே கேட்டுவிட்டது. ஆனால் அவர் இழுப்பறையைத் திறந்து, ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்த ஒரு காகிதத்தை வைத்தார். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து என் நன்மைக்காகவே தயார் செய்தது. பட்டியல் போய்விட்டது, திருத்த முடியாது. ஆனால் கருணை அடிப்படையில் ஓர் இடம் கேட்டு வாங்கித் தருவாராம். நான் கையெழுத்துப் போட்டால் போதும். படித்தேன். “என் விடையில் பிழை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். என் தந்தை கூலித் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். ஆகவே எங்கள் ஏழ்மையைக் கருதி…”

“மத்ததெல்லாம் நெசந்தான் சார். முத வரி மட்டும் இல்ல” என்றேன். “அத அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுதேன்.”

“முத வரி இல்லேன்னா அது கருணை மனுவே இல்லையேப்பா. உன் மேல பிழை இல்லேன்னா திருத்தினவரு மேல பிழைன்னு ஆவும். அத நான் எப்படி எழுதி அனுப்ப?”

“நீங்கதான சார் இப்ப சரின்னு சொன்னீங்க?”

“தம்பி, உனக்கு முகாம் வேணுமா, இந்த ஒரு வரி வேணுமா?”

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், முகாம்தான் வேண்டும் என்றிருந்தது. முந்தின ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைத்துக் கிடந்தேன். ஆனால் அந்த முதல் வரியைப் பார்த்தால், நாலு பக்கம் வட்டம் போட்டுத் தோற்று, கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்த அந்த நாட்களை நானே அடித்துவிடுகிற மாதிரி இருந்தது. அப்பா மூட்டை தூக்குகிறார் என்பது என் கணக்கைப் பிழையாக்கவும் இல்லை, சரியாக்கவும் இல்லை. அது ஏன் அங்கே அடுத்த வரியில் நிற்கிறது?

“முகாம் வேண்டாம் சார்” என்றேன். “இந்தத் தாள்ல ஒரு சரி மட்டும் போட்டுக் குடுங்க.”

பேனா என் கையில் இருந்தது, நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. பென்சிலை எடுத்து, ஏழாவது வரிக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு சரி போட்டார்.

வெளியே வந்ததும் மீரான் வெடித்தான். “கோட்டிக்காரப் பயலே! அந்தச் சரிய வச்சி என்னலே பண்ணுவே, ஃபிரேம் போட்டு மாட்டுவியா? ஒரு கையெழுத்துலே!” ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வீடுவரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். நான் பேண்ட் பைகளில் கையை விட்டு வளையல்களைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மார்க்கெட்டில் அவர் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று எனக்குத் தெரியாது. அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல எது என் வளையலு?” என்று மட்டும் கேட்டாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா குளித்துவிட்டு வந்து, “ஏலே, அந்தச் சரியக் காட்டு” என்றார். எழுத்து தெரியாவிட்டாலும் சரியும் தப்பும் தெரியும்.

“பென்சில்லயா போட்டான்?”

“ஆமாப்பா.”

“பேனா இல்லியோ அவன்ட்ட?”

“பேனா என் கைல இருந்துச்சுப்பா.”

அப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து முகாமை விடலாம் என்று அப்போது தோன்றியது. இப்போது நினைத்தால் ஒன்பது என்று சொல்வேன்.

மீரான் சென்னை போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினான். பையைக்கூட இறக்காமல் நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து கத்தினான்: “ஏலே! அங்கன எவனும் மையத்தத் தேடலலே. கோணத்த வச்சேதான் எல்லாத்தையும் போடுதானுவோ. உன் கணக்க போர்டுல போட்டான், அச்சு அசலா ஏழு வரி!” அவன் அதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி, அதற்கு மேல் எல்லாவற்றையும் படித்து முடித்தேன்.

தாள் என் சான்றிதழ் ஃபைலில் இருந்தது. ஆற்றோரம் சிந்துபூந்துறையில் எங்கள் வீடு. தாமிரபரணி வீட்டுக்குள் வந்த அந்த மழைக்காலத்தில் ஃபைல் இரண்டு நாள் சேற்றில் கிடந்தது. சான்றிதழ்களுக்குப் பள்ளியும் பல்கலைக்கழகமும் நகல் தந்துவிட்டன. இந்தத் தாளை மட்டும் வெயிலில் காயவைத்துப் பிரித்தேன். பேராசிரியரின் பேனா மை முழுக்கக் கரைந்து, ஏழு வரி இருந்த இடத்தில் வெளிறிய நீலம் படர்ந்திருந்தது. பென்சிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வட்டமும், நடுவில் அந்தக் கீற்று இடைவெளியும், ஓரத்தில் அந்தச் சரியும் அப்படியே இருந்தன. தொடாத படம் ஒன்று, அதற்கு ஒரு சரி. நடுவில் காரணம் இல்லை.

அதைக் கொண்டுபோய்த் தெருமுனையில் குவித்திருந்த சேற்றுக் குப்பையில் போட்டேன். “அத ஏன்யா போடுதே, எத்தன வருசமா வச்சிருந்தே?” என்று அம்மா பதறினாள். காரணம் இல்லாத சரியை அன்றைக்கே வேண்டாம் என்று சொன்னவன், இன்றைக்கு மட்டும் எதற்கு வைத்துக்கொள்ள?

அந்த வெள்ளத்தோடு ஆணி அடித்த சுவரும் போயிற்று. கை வலி என்று அம்மா பீடியை விட்டுவிட்டாள். மீரான் தன் காக்கா போன அதே ஊருக்குப் போய்விட்டான். பேராசிரியர் மகனோடு எங்கோ வடக்கே இருக்கிறாராம். என் மாணவர்கள் திரையில் விரலால் வட்டம் இழுக்கிறார்கள். இழுத்து விட்டால் அது தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. பெரிதாக்கிக் காட்டி, “தொடுது சார்” என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் மறுபடி பெரிதாக்குகிறார்கள்.

“தம்பி, கட்டட்டுமா?” என்றார் கடைக்காரர். ஆறு டஜன் கட்டச் சொன்னேன். அவர் கட்டுகிற நேரத்தில், பில்லின் பின்பக்கத்து வட்டத்துக்குள் ஒரு முக்கோணம் போட்டு, பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். அம்மா துணிக்கடையிலிருந்து வந்து தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஏழாவது வரியில் முற்றுப்புள்ளி வைத்தேன். மையம் எங்கே என்று கேட்க இப்போது ஒருவரும் இல்லை. கேட்டாலும் குறிக்க மாட்டேன்.